சிவசங்கருக்கு நான் கொடுத்த படகு

1

இந்தப் பொம்பளைக்கு இன்னும் இன்னா வேணும். அவரு எப்டி செத்தாருன்னு மறுபடியும் கேக்கப்போவுதா. கேட்டா இந்தத் தடவ நாமளே மாத்திச் சொல்லிட்டா இன்னா. அது மாத்தி எழுதுச்சே, நாம மாத்திச் சொல்லக் கூடாதா. வாயிலருந்து பறிய எடுத்தாத்தான் பேச முடியும். எடுக்கமாட்டேன். நிக்கட்டும் வெயில்ல.

ஜமுனா அப்படி நினைத்திருப்பாள் என்பது என் ஊகம். அன்று காலை அவள் கழுத்தளவு நீரில் குந்தியிருந்தாள். பனையோலையில் முடைந்த பறி என்னும் மீன்கூடையின் விளிம்பைப் பற்களால் கவ்வியிருந்தாள். கரையில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். எனக்கு உண்மையில் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவள் தலைக்குள் நான்தான் வைத்தேன். பழக்கம் விடவில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு வார இதழில் ஜமுனாவைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். மூன்று பக்கம், இரண்டு புகைப்படம். அதில் ஒரு வாக்கியம் பொய். அந்த வாக்கியத்தால் அவள் மகள் அர்ச்சனாவுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் நிற்கிறது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் நர்சிங் படிப்பில் அவளுக்கான இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

(முதல் வரைவில் அர்ச்சனா விலங்கியல் படிக்க ஆசைப்பட்டதாக எழுதியிருந்தேன். கதைக்கு அது அழகாகப் பொருந்தியது. அந்தப் பெண்ணுக்கு விலங்குகள் மேல் ஒரு ஆர்வமும் கிடையாது. அடித்துவிட்டேன்.)

தவறைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் கல்லூரித் தோழி நந்தினி ஒரு நாள் போனில் கேட்டாள்: "சரி பண்றதுன்னா நீ லெட்டர்தானே எழுதணும்? கதை எதுக்கு?"

கடிதமும் எழுதினேன். அது என்ன ஆயிற்று என்று ஏழாம் பகுதியில் வருகிறது.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

'பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் வந்திறங்கும் காலம். தூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. அதற்கும் கரைக்கும் நடுவே ஒரு பெண்ணின் தலை' — இல்லை. நான் போன நாள்களில் ஒரு பூநாரைகூட இல்லை. இந்த ஏரியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியில் அவற்றை இறக்கிவிடுகிறோம்.

'பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கிப் பேருந்து பிடித்தால் முக்கால் மணி நேரத்தில்' — இது பயணக் குறிப்பு.

'ஜமுனா, நாற்பத்தொரு வயது, (          ) சமூகத்தைச் சேர்ந்தவள்' — இங்கேதான் ஒவ்வொரு முறையும் பேனா நின்றது. அந்தப் பெயரை இந்தக் கதையில் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவளை நான் ஒரு பெயருக்குள் போட்டிருக்கிறேன். ஆகவே வெற்று அடைப்புக்குறி. கதை நெடுக அது அப்படியே இருக்கும். சான்றிதழில் அந்த இடத்தை நிரப்பித் தரவேண்டும் என்பதுதான் அர்ச்சனா கேட்பது. நான் நிரப்ப மறுப்பது எனக்குச் சுலபம். என்னிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

என்ன வேலை என்று சொல்லிவிடலாம். வலை இல்லை, படகு இல்லை, தூண்டில் இல்லை. ஏரியின் ஆழம் குறைந்த பகுதிகளில் இறங்கி, நீருக்கு மேல் தலை மட்டும் தெரிய, சேற்றில் குந்தியபடி நகர்ந்துகொண்டே இரண்டு கைகளாலும் தரையைத் தடவுவார்கள். இறால், நண்டு, சிறு மீன். கைக்கு அகப்பட்டதை வாயில் கவ்விய பறிக்குள் போட வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பிடிக்கப் பல்தான் மிச்சம். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். ஜமுனாவின் முன்பற்கள் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து, விளிம்பு தேய்ந்திருக்கும். சிரிக்கும்போது மேலுதட்டை இறக்கிக்கொள்வாள்.

பறியைக் கவ்வியிருப்பவளோடு பேச முடியாது. கேட்கலாம், "ம்" என்பாள். நான் என் பேட்டியின் பாதியை அந்த "ம்"களிலிருந்துதான் எடுத்தேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் அப்படி வந்ததல்ல. தவறாகக் காதில் விழுந்தது என்று சொல்லித் தப்பிக்க நான் தயாராகத்தான் இருந்தேன். அது உண்மையில்லை. அவள் பறியை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து உண்மையைத் தெளிவாகச் சொன்னாள்.

அது பிறகு.

3

என்னை அங்கே அழைத்துப் போனவள் நந்தினி. அவள் விலங்கியலாளர். உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடுவது அவள் வேலை. இந்த ஏரியின் உளுவை மீன்களைப் பற்றி ஆறு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். விரல் நீளம்தான் இருக்கும், சேற்றில் கிடக்கும். பிடித்துத் தரும் பெண்களில் ஜமுனாவும் ஒருத்தி.

நான் முதல்முறை போன அன்று, கரையில் நந்தினி வெள்ளைத் தட்டில் மீன்களைப் பரப்பி அளந்துகொண்டிருந்தாள். ஜமுனா ஈரப் புடவையோடு பக்கத்தில் குந்தி, தட்டிலிருந்து மீன்களை எடுத்து இரண்டு குவியலாக வைக்க ஆரம்பித்தாள்.

"ஜமுனா, கலைக்காதீங்க. எல்லாம் ஒரே இனம்தான்."

"யாரு சொன்னா?"

"புக்ல இருக்கு. துடுப்பு முள்ளு எண்ணிக்கை, செதில் வரிசை, எல்லாம் ஒண்ணு."

"புக்கு தண்ணில எறங்கிச்சா?" என்றாள் ஜமுனா. தூரத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "இது கை பட்டா ஓடும். அது ஓடாது, அப்டியே பம்மிக்கும். இதத் துரத்திப் புடிக்கணும், அத அமுக்கிப் புடிக்கணும். ரெண்டும் எப்டிம்மா ஒண்ணாவும்?"

"பாக்க ஒரே மாதிரிதானே இருக்கு?"

"செத்தப்புறம் பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

நந்தினி சிரித்தாள். ஆனால் அன்று இரண்டு குவியலையும் தனித்தனிப் புட்டிகளில் எரிசாராயத்தில் போட்டாள். எட்டு மாதம் கழித்து மரபணு முடிவு வந்தது. இரண்டு இனம். ஒன்றுக்கு இதுவரை பெயரே இல்லை.

போனில் நந்தினி அழுதாள். ஆறு வருடம் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தும் தெரியாததை ஒருத்தி விரலால் சொல்லிவிட்டாள் என்ற மகிழ்ச்சியா, அவமானமா என்று நான் கேட்கவில்லை. புது இனத்துக்கு ஜமுனாவின் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னாள். விஷயத்தை ஜமுனாவிடம் நான்தான் சொன்னேன்.

"எதுக்கு? அதுக்குப் பேரு கீதே."

"என்ன பேரு?"

"பம்முளுவ. எம் பேர வெச்சா நாளைக்கு எவளாச்சும் என்னியக் கொழம்புல போட்டேன்னு சொல்லுவா."

4

(இங்கே கதையை நிறுத்திவிட்டு நந்தினியின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அவசரமிருப்பவர்கள் ஐந்துக்குப் போகலாம். ஆனால் இது தெரியாமல் ஏழாம் பகுதியில் என் கடிதம் ஏன் எடுபடவில்லை என்பது புரியாது.)

இனம் கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு வழிகாட்டி இருக்கிறது. கேள்வியும் கிளையுமாகப் போகும்.

'1. அடித்துடுப்புகள் இரண்டும் ஒட்டிக் கிண்ணம்போல் இருந்தால் 2-க்குச் செல்க. தனித்தனியே இருந்தால் 7-க்குச் செல்க.'

2-க்குப் போனால் அங்கே இன்னொரு கேள்வி. இப்படியே கடைசிப் பெயர் வரை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டே வழிகள். முதல் கேள்வியில் ஒரு தவறு செய்துவிட்டால் பிறகு எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பயனில்லை. ஒவ்வொரு படியிலும் சரியாக விடை சொல்லிக்கொண்டே தவறான பெயருக்குப் போய்ச் சேர்வோம்.

புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து, எண் போட்டு, அருங்காட்சியகத்தில் புட்டியில் வைக்கிறார்கள். அதற்கு வகைமாதிரி என்று பெயர். இனி உலகில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு உடலோடுதான் ஒப்பிட வேண்டும். ஏரியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரம் மீன்கள் சாட்சி சொல்ல முடியாது.

இன்னொரு விதியும் நந்தினி சொன்னாள். முதலில் அச்சான பெயர்தான் செல்லும். வேறு ஊரில் பிடித்த மீனுக்கு இந்த ஊரின் பெயரைத் தவறுதலாக வைத்துவிட்டாலும், பெயர் பொருத்தமில்லை என்பதற்காக மாற்ற முடியாது.

"தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சாலும். ஆளாளுக்கு மாத்த ஆரம்பிச்சா யாரு எதப் பத்திப் பேசறோம்னே தெரியாதே."

அப்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது. குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்துக்கொண்டேன், எங்காவது பயன்படும் என்று.

5

ஜமுனாவின் கணவன் பெயர் சிவசங்கர். அவனும் கையால் தடவிப் பிடிக்கிறவன்தான். அர்ச்சனாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது இறந்தான்.

"எப்படி?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவள் பறியை இறக்கினாள். "காமால. கண்ணு மஞ்சளாச்சி. நாட்டு மருந்து குடுத்தோம். அப்புறம் ஆசுபத்திரி. பதினோரு நாள் இருந்தாரு, பூட்டாரு."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"வாந்தி வருதுன்னாரு."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் அந்தப் பத்தி நகரவில்லை. காமாலை, ஆஸ்பத்திரி, வாந்தி. இதை எழுதினால் வாசகர் பரிதாபப்படுவார். ஆனால் எதையும் *பார்க்க* மாட்டார். என் கண்முன்னால் அவர்கள் வீட்டு வாசல் இருந்தது. கீரைப் பாத்தியைக் கோழி கிளறாமலிருக்க யாரோ தூக்கிப்போட்ட கிழிந்த வலையொன்றை மூடியிருந்தார்கள். அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்:

'முகத்துவாரத்தருகே தன் பாடு நாளில் படகில் போன சிவசங்கர் திரும்பவில்லை; அவனது வலை இன்றும் வாசலில் காய்கிறது.'

பாடு என்பது இந்த ஏரிக்கே உரிய ஒரு வழக்கம். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிக் குலுக்கிப்போட்டுப் பங்கு பிரித்துக்கொள்வது. அந்தச் சொல்லை எனக்கு ஒரு படகோட்டி சொல்லியிருந்தார். கேட்ட நாளிலிருந்து அதை எங்காவது வைக்க வேண்டும் என்று இருந்தது. அவர் சொல்லாமல் விட்டது, அல்லது சொல்லியும் நான் குறித்துக்கொள்ளாதது இதுதான்: அந்தப் பங்கு எல்லோருக்கும் கிடையாது. ஒரு சாதியில் பிறந்த ஆண்களுக்கு மட்டும். ஜமுனாவின் ஆள்களுக்கு அந்தக் குலுக்கல் நடக்கும் இடத்தில் நிற்கக்கூட வழக்கமில்லை. வலை கட்டுகிறவர்கள் வேறு. கையால் தடவுகிறவர்கள் வேறு. பிறப்பால் வேறு. அங்கே ஏரியில் இறங்கும் எவருக்கும் அது தெரியும்.

ஒரு மனிதனைக் காமாலையிலிருந்து காப்பாற்றிக் கடலுக்கு அனுப்பிவைத்தேன் என்று நினைத்தேன். அவனை நான் சாதி மாற்றியிருந்தேன்.

கட்டுரை வந்தது. அந்தப் பத்தியைக் குறிப்பிட்டுப் பலர் எழுதினார்கள். ஒருவர், அந்த வலை தன்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தார். நான் அதைச் சேமித்து வைத்திருக்கிறேன்.*

* அழித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். அழிக்கவில்லை.

6

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அர்ச்சனா நர்சிங்குக்கு விண்ணப்பித்தாள். சான்றிதழுக்காகப் பழவேற்காட்டில் நுஸைபா நடத்தும் கணினி மையத்துக்குப் போனார்கள். என்ன ஆதாரம் இருக்கிறது என்று நுஸைபா கேட்டாள். குடும்ப அட்டை இருந்தது. சிவசங்கருக்குச் சான்றிதழ் இல்லை, ஜமுனாவுக்கும் இல்லை. அவர்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்கும் இடம்வரை போனதில்லை.

அர்ச்சனா பையிலிருந்து இதழை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு இரண்டு வருடமாகப் பத்திரப்படுத்தியிருந்தாள். அதில் அரைப் பக்கத்துக்கு ஜமுனாவின் படம். வாயில் பறி, கழுத்தளவு நீர்.

"இதவிட இன்னா ப்ரூஃபு வேணும்? ஸ்கேன் பண்ணிச் சேத்துடலாம், வெயிட்டா இருக்கும்" என்றாளாம் நுஸைபா. நல்ல மனத்தோடுதான் சொல்லியிருக்கிறாள்.

மூன்று பக்கத்தையும் ஏற்றினார்கள். விசாரணைக்கு வந்த அலுவலக ஊழியர் படத்தைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பாராத ஒரு காரியத்தைச் செய்தார். கட்டுரையை முழுக்கப் படித்தார்.

'விண்ணப்பதாரரின் தந்தை பாடு உரிமை பெற்று வலைத்தொழில் செய்தவர் என இணைக்கப்பட்ட ஆவணத்திலிருந்தே தெரியவருவதால், (          ) சமூகத்தைச் சேர்ந்தவர் என ஏற்க இயலாது' என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது.

செய்தி நந்தினி மூலம் எனக்குத் தெரிந்தது. அடுத்த நாளே போனேன். இந்தக் கதையின் முதல் பகுதியில் நான் கரையில் நிற்பது அன்றுதான். ஜமுனா வெகுநேரம் கழித்துக் கரையேறினாள். பறியைக் கீழே வைத்தாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன்; சேறு என்று சொல்லி இழுத்துக்கொண்டாள்.

"படிச்சப்பவே ஏன் சொல்லல ஜமுனா? அது தப்புன்னு?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? இவதான் படிச்சிக் காட்னா."

"அவளாவது..."

"அவ கேட்டா. நைனா படவுல போனாராம்மானு. அவளுக்கு நைனா மூஞ்சே நெனப்பு இல்ல. ஆமாண்டி போனாருன்னு சொல்லிட்டேன்." புடவை முனையைப் பிழிந்தாள். "பதினோரு நாளு வாந்தியெடுத்து செத்தாருன்னு சொல்றதுக்கு இது நல்லா இருந்துச்சி. நீயும் நல்லாத்தான எழுதிக்கின."

இந்த இடத்தில் அவள் கத்தியிருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும்.

7

கடிதம் எழுதினேன். 'மேற்படி கட்டுரையில் சிவசங்கர் குறித்து நான் எழுதியது கற்பனை. அவருக்குப் படகோ வலையோ பாடு உரிமையோ இருந்ததில்லை.' கையெழுத்திட்டு, ஜமுனாவையும் அர்ச்சனாவையும் அழைத்துக்கொண்டு சான்றிதழ் தரும் அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதவில்லை.

அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். அர்ச்சனாவும் நானும் உட்கார்ந்தோம். ஜமுனா உட்காரவில்லை. அவரைக் கெட்டவராக எழுதும் ஆசை எனக்கு இருந்தது. அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. தேநீர் வரவழைத்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"மேடம், உங்க கட்டுரையை எங்க வீட்ல படிச்சிட்டு அழுதாங்க. அந்த வலை காயுது பாருங்க, அந்த எடம்."

"அது பொய் சார்."

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். அப்ப எழுதினது பொய்யா, இப்ப எழுதறது பொய்யா? சான்றிதழுக்காக எத்தனையோ பேர் எத்தனையோ லெட்டர் கொண்டுவராங்க. அச்சுல வந்தது, அதுவும் எந்தத் தேவையும் இல்லாதப்ப நீங்களா எழுதினது. அத விட்டுட்டு இத எப்படி எடுத்துக்கறது?"

முதலில் அச்சானதுதான் செல்லும். குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேனே, அது இங்கே பயன்பட்டது.

நந்தினியின் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். புது மீன், ஜமுனாவின் பெயர், உலகெங்கும் அறிவியலாளர்கள். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். "மீனுக்குக் குடுத்துட்டாங்களா பேரு? ரொம்ப சந்தோஷம்மா" என்று ஜமுனாவிடம் சொன்னார். வாசலில் நின்றிருந்த அலுவலக உதவியாளர், "மீனுக்கு ஆதார் வந்துச்சா சார்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஜமுனாவும், மேலுதட்டை இறக்கிக்கொண்டு.

பிறகு அதிகாரி ஒரு வழி சொன்னார். உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

"மறுவிசாரணை போடறேன். வெள்ளிக்கிழமை காலைல அங்க வரேன். நேர்ல தொழில் செஞ்சு காட்டட்டும். வீடியோ எடுத்து ஃபைல்ல வெச்சிட்டா மேல யாரும் கேக்கமாட்டாங்க."

"எறங்கிக் காட்றேன் சார்" என்றாள் ஜமுனா உடனே. "இன்னிக்கே வேணும்னாலும் வாங்க."

"நீங்க இல்லம்மா. விண்ணப்பம் பொண்ணு பேர்ல. பொண்ணு காட்டணும். பறிய வாயில கவ்விக்கிட்டு, அந்தப் படத்துல இருக்கே, அதே மாதிரி. ஒரு பத்து நிமிஷம் போதும். பரம்பரைத் தொழில், அவளுக்குத் தெரியாம இருக்குமா?"

வகைமாதிரி. அந்தப் படம்தான் புட்டிக்குள் இருக்கும் மீன். நான் எடுத்த படம்.

அர்ச்சனா தன் கைப்பேசியின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஜமுனா சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். "சரி சார், வெள்ளிக்கிழமை" என்று சொன்னது நான்.

பேருந்தில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். பாதி வழியில் அர்ச்சனா கேட்டாள்:

"ரொம்ப நேரம் கவ்வினா பல்லு வலிக்குமாம்மா?"

ஜமுனா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "தூங்கு. எறங்கசொல்ல எழுப்புறேன்."

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) வெள்ளிக்கிழமை. காற்று இல்லை, நீர் தெளிந்திருந்தது. அர்ச்சனா இறங்குகிறாள். முதலில் தடுமாறுகிறாள். பிறகு கை தானாகவே தரையை அறிகிறது; ரத்தத்தில் இருந்தது விரலில் எழுந்து வருகிறது. ஓர் இறாலைத் தூக்கிக் காட்டுகிறாள். அதிகாரி கைதட்டுகிறார்.

இதை எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. எதுவும் ரத்தத்தில் இருக்கவில்லை. ஜமுனா மகளை ஒருநாள்கூட ஏரியில் இறங்கவிட்டதில்லை. பள்ளி விடுமுறை நாள்களில் கூடவே வருகிறேன் என்று அழுதால் அடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அர்ச்சனாவுக்கு நீச்சல் தெரியாது. இந்த முடிவை எழுதும்போது நான் அதிகாரியின் கட்சியில் இருந்தேன்.

(ஆ) நந்தினியின் ஆய்வுக்கட்டுரை வெளியாகிறது. ஜமுனாவின் பெயர் தாங்கிய மீனின் படத்தைப் பார்த்த மேலதிகாரி ஒருவர், தானே முன்வந்து

பார்த்தீர்களா, வாக்கியத்தை முடிக்கக்கூட மனம் வரவில்லை. மீனுக்கு அவள் பெயர் வைத்ததும் கட்டுரை வெளியானதும் உண்மை. அதில் 'மாதிரிகளைச் சேகரிக்க உதவிய உள்ளூர்ப் பெண்' என்று ஜமுனாவுக்கு நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு குவியல் பிரித்தது யார் என்று அதில் இல்லை. நந்தினியிடம் கேட்டேன். "அதெல்லாம் மெதடாலஜில எழுத முடியாதுடி" என்றாள். அவளைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது.

(இ) இடம் போய்விடுகிறது. அர்ச்சனா எளாவூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில்

வேண்டாம். எந்தக் கம்பெனி, என்ன வேலை, எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று யோசிக்க ஆரம்பித்தபோது எனக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்தது. அந்தச் சுறுசுறுப்பை எனக்குத் தெரியும். படகு எழுதிய அன்றும் அது வந்தது.

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இங்கேயே நிறுத்தியிருப்பேன். அதற்கு முன்னால், புதன்கிழமை நான் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

9

புதன்கிழமை மதியம் ஜமுனாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு யோசனையோடு போனேன். பேருந்திலேயே வசனமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அர்ச்சனா கதவை ஒட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜமுனா அடுப்பில் குழம்பு கொதிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு ஜமுனா. நாளைக்குக் காலைல அவளக் கூட்டிட்டு எறங்குங்க. கரை ஓரமா, முட்டியளவு தண்ணி போதும். எப்படிக் குந்தறது, எப்படிக் கவ்வறதுன்னு மட்டும் சொல்லிக்குடுங்க. மீன் கிடைக்கணும்னுகூட இல்ல. நீங்க முன்னாடியே புடிச்சத ஒண்ணு ரெண்டு சேத்துல விட்டு வைக்கலாம். பத்து நிமிஷம்தான். வீடியோவுக்கு."

ஜமுனா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இப்போது அவள் என்ன நினைத்தாள் என்று எழுத எனக்குக் கை பரபரக்கிறது. எழுதவில்லை.

"நான் பண்றேம்மா" என்றாள் அர்ச்சனா. "பத்து நிமிஷம்தான? எனக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் எவ பாக்கப்போறா."

"நீ வெங்காயத்த உரி."

"அம்மா, முப்பதாம் தேதி..."

"தெரியும்டி."

"நீங்க கவலப்படாதீங்க" என்றேன் நான். "நான் கூடவே நிக்கறேன். அவர்கிட்ட நானே பேசிக்கறேன். அவ சின்ன வயசுலேருந்து உங்களோட எறங்குவான்னு சொல்லிடறேன். ஒரே ஒரு தடவ ஜமுனா. அவ படிப்புக்காக."

ஜமுனா எழுந்து அடுப்பை அணைத்தாள். குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். அர்ச்சனாவின் முன்னால் இருந்த வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இல்லக்கா. அவரு வெள்ளிக்கெழம வரட்டும், வந்தா டீ போட்டுத் தரேன். நான் எறங்கறதப் பாக்கணும்னா பாக்கட்டும். இவ எறங்கமாட்டா. நான் சொல்லித்தரமாட்டேன்."

"அப்ப அவர்கிட்ட என்ன சொல்றது?"

"அவளுக்குத் தெரியாதுன்னே எழுதிக்கச் சொல்லு."